வீட்டுக்குள் வீசும் காற்று



குற்றாலத்தில் சாரல் என்று செய்தி வந்தால் நம் பக்கத்தில் புழுதி என்று பொருள். தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமுள்ள மழையை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பெரும்பாலும் பொழிந்துவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே வறண்ட காற்றாக நம்மிடம் பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகின்ற அதே காற்றுத்தான் சாத்தான்குளம், திருச்செந்தூர் வட்டாரங்களின் தேரிக்காட்டுச் செம்மணலையும் எழுப்பிவிடுகிறது. ஆனி தொடங்கி ஆவணி முடிய, அடுக்களைப் பானையின் மூடியிலும், வீட்டுப் பீடத்துச் சுருபத்தின் தோளிலும், தொட்டிலில் உறங்கும் குழந்தையின் இமையிலும் மெல்லிய செம்பொடி படிந்திருப்பதை நம் இல்லத்தரசியர் யாவரும் அறிவர்.

"மண் வெளியிலிருந்து வருகிறது, காற்று ஆண்டவர் அனுப்புவது, இதில் நாம் செய்யத்தக்கது என்ன இருக்கிறது?" என்று பெருமூச்சு விடுவோர் பலர். காற்றை நிறுத்த நம்மால் இயலாதுதான். ஆயினும் வீட்டுக்குள் நாம் சுவாசிக்கும் காற்று வேறு, தெருவில் வீசும் காற்று வேறு. வெளியிலிருந்து வரும் புழுதியோடு, அடுப்புப் புகை, கொசுவத்திப் புகை, புகையிலைப் புகை, சுவரில் பூத்த பூஞ்சணம், தலையணைக்குள் வாழும் சிற்றுயிர்கள் ஆகிய அனைத்தும் வீட்டுக் காற்றில் கலந்து நிற்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை நம் கையால் விளைபவை. ஆதலின் நம் கையால் குறைக்கத்தக்கவை. இம்மாதம் இதனைக் குறித்துச் சிந்திப்போம்.

குருவிடம் காட்டப்பட்ட வீடு

"ஆன்மாவைக் குறித்துப் பேச வேண்டிய குரு அடுக்களையைக் குறித்துப் பேசுவானேன்?" என்று எவரேனும் கேட்கக்கூடும். அவர்கள் லேவியர் ஆகமத்தின் பதினான்காம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்ப்பார்களாக. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறைகள் தோன்றினால், வீட்டுக்காரர் குருவிடம் சென்று அறிவிக்க வேண்டும் என்பது அங்கே கட்டளை. குரு வந்து பார்ப்பதற்கு முன் வீட்டிலுள்ள பொருள்கள் யாவும் வெளியேற்றப்பட வேண்டும். அவர் பார்த்து, வீட்டை 7 நாள் அடைத்து வைத்து, ஏழாம் நாள் மீண்டும் வந்து பார்ப்பார். கறை பரவியிருந்தால், பழுதுற்ற கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, உட்புறம் முழுவதையும் சுரண்டி, வேறு கல் வைத்து வேறு சாந்து பூச வேண்டும். அதன் பின்னும் கறை திரும்ப வந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டும்.

இன்று அறிவியல் நூலார் இக்கறையை ஒருவகைப் பூஞ்சணமாய் இருந்திருக்கக்கூடும் என்பர். அஃது எவ்வாறாயினும், குடியிருக்கும் வீட்டின் சுவரும் இறைவனுடைய அக்கறைக்கு உட்பட்டதே என்பதை அவ்வதிகாரம் நமக்குக் காட்டுகிறது. வீடு மந்திரிக்கச் செல்லும் குருவுக்கு, விருந்தினர் எவரும் காணாத உள்ளறைகளிலும் புகுந்து தீர்த்தம் தெளிக்கும் பேறு உண்டு. புகையால் கறுத்த கூரையையும், ஒருபோதும் திறவாத சன்னலையும், அதன் அருகே இருமிக்கொண்டு அமர்ந்திருக்கும் முதியவளையும் நாம் பலமுறை கண்டிருக்கிறோம். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடக் கையால் தொட்டறியாத அம்மூதாட்டிக்கு அந்த இருமல் எங்கிருந்து வந்தது?

தூசி என்பது யாது?

கண்ணுக்குத் தெரியும் தூசியே கெட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை இதற்கு மாறானது. காற்றில் மிதக்கும் துகள்களை மைக்ரான் என்னும் அளவால் அளக்கின்றனர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரான். தேரி மணலின் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, தும்மலாலும் சளியாலும் வெளியேறிவிடும். 10 மைக்ரானுக்குக் குறைந்தவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 2.5 மைக்ரானுக்கும் குறைந்தவையோ நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று படிகின்றன. அவற்றுள் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. புகையின் துகள்கள் பெரும்பாலும் இக்கடைசி இனத்தைச் சேர்ந்தவை. செம்மண் நம் கண்ணுக்கு உறுத்துகிறது. ஆனால் அடுப்புப் புகையே நெஞ்சுக்குக் கொடிது.

இன்னுமொரு செய்தி. ஆள் உயரத்திலிருந்து விழும் மணல் நொடியில் தரையை அடையும். 10 மைக்ரான் துகளுக்குச் சில நிமிடங்கள் ஆகும். 2.5 மைக்ரான் துகளோ, அசைவற்ற காற்றிலும் ஒரு மணி நேரத்திற்கு மேலாக மிதந்துகொண்டே இருக்கும். மின்விசிறி சுழலுமாயின் இறங்கவே மாட்டாது. இதனை நினைவில் வைத்துக்கொண்டால், இனிக் கூறப்போகும் முறைகளின் காரணம் தானே விளங்கும்.

காற்றில் 2.5 மைக்ரானுக்குட்பட்ட துகள்கள், நாள் ஒன்றின் சராசரியாக, ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டுதல். நம் நாடு 2009-இல் வகுத்த வரம்பு 60. விறகடுப்பு எரியும் மூடிய அடுக்களையில் இந்த அளவு பல நூறுகளாக உயர்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழகத்துச் சிற்றூர் அடுக்களைகளுக்கு அளவுக் கருவிகளைக் கொண்டுசென்று, பெண்கள் சுவாசிக்கும் புகையைப் பல்லாண்டுகளாக அளந்து வந்திருக்கின்றனர். அடுக்களையில் நிற்கும் தாயும் அவள் இடுப்பிலிருக்கும் சேயுமே மற்றெவரினும் மிகுதியான புகையை ஏற்கின்றனர் என்பது இத்தகைய ஆய்வுகள் காட்டும் உண்மை.

வாயிற்படியும் சன்னலும்

நம் முன்னோர் வாயிலண்டையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தனர். வெளியிலிருந்து வருகிறவர் செருப்பைத் திண்ணைக்குக் கீழே விட்டு, கால் கழுவிய பின்னரே உள்ளே புகுவது வழக்கம். வீட்டுக்குள் சேரும் மண்ணில் கணிசமான பங்கு நம் காலோடு வருகிறது; ஆதலின் இப்பழக்கத்தை மீட்டுக்கொள்வது நன்று. வாயிலுக்கு வெளியே முரடான தென்னைநார் மிதியடி ஒன்றும், உள்ளே துவைக்கத்தக்க துணி மிதியடி ஒன்றும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை அவற்றை உதறுங்கள். உதறுவது வீட்டுக்கு வெளியே, காற்று வீட்டினின்று விலகிச் செல்லும் பக்கத்தில்.

சன்னல்களை எப்பொழுதும் அடைத்து வைப்பதும் பிழை. எப்பொழுதும் திறந்து வைப்பதும் பிழை. நம் பக்கத்தில் பருவக்காற்று வெயில் ஏற ஏற வலுக்கிறது. பின்மாலைக்குப் பின் தணிந்து, விடியற்காலையில் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. ஆதலின் காலைச் செபத்துக்கு எழுந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, இரவெல்லாம் அடைந்து கிடந்த காற்றை வெளியேற்றுங்கள். வெயில் ஏறிக் காற்றெழும்பியதும் மேற்கு, தென்மேற்குச் சன்னல்களை அடைத்து, காற்று மோதாத கிழக்கு, வடக்குச் சன்னல்களை மட்டும் திறந்து வையுங்கள். அண்டை அயலார் குப்பை எரிக்கும் வேளையில் அப்பக்கத்துச் சன்னலை அடைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அவர்களிடம் கனிவோடு பேசிக் குப்பை எரிக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். முதலில் நாம் நிறுத்திவிட்டு!

மேற்குச் சன்னலுக்கு நெருக்கமாய் நெய்த பருத்தித் திரை ஒன்று கட்டினால் பெரும்புழுதி அதில் தங்கும்; ஆனால் அத்திரையை வாரந்தோறும் துவைக்க வேண்டும். துவைக்காத திரை தூசிக் களஞ்சியமே. கதவிடுக்குகளில் துணிப்பட்டை ஒட்டுவது, உடைந்த கண்ணாடிக்கு மாற்றுக் கண்ணாடி இடுவது, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவேயுள்ள சந்துகளைப் பூசுவது ஆகியவை ஒருநாள் வேலை; பலனோ பல்லாண்டுக்கு. மனைக்கு மேற்கே இடமுள்ளோர் வேம்பு, புங்கு, பூவரசு ஆகிய மரங்களை வரிசையாய் நட்டு, அவற்றின் கீழே ஆடாதோடை போன்ற புதர்களை வளர்ப்பாராயின், காற்றின் வேகம் தணிந்து மண் அங்கேயே விழும். முற்றத்து வெறுமண்ணில் புல்லோ தழையோ படரவிடுவதும் நன்று.

வாரியலும் ஈரத்துணியும்

லூக்காஸ் நற்செய்தியின் பதினைந்தாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு பெண்ணைக் குறித்துச் சொல்கிறார். பத்து வெள்ளிக் காசுகளில் ஒன்று தொலைந்தவுடன் அவள் முதலில் விளக்கேற்றுகிறாள். அதன் பின்னரே வீட்டைப் பெருக்குகிறாள். இருண்ட மூலையில் அழுக்கு தெரியாது. ஆதலின் அவ்வரிசையை நாமும் பின்பற்றலாம். பகலவன் சாய்வாய் விழும் வேளையில் ஒருமுறை உங்கள் கூடத்தைப் பாருங்கள். ஒளிக்கற்றையில் மிதப்பது என்னவென்று கண்கூடாகத் தெரியும்.

உலர்ந்த வாரியலால் வேகமாய்ப் பெருக்கும்பொழுது, குப்பை மூலைக்குச் செல்கிறது. நுண்தூசி நம் மூக்குக்கு வருகிறது. மண்தரையாயின் நீர் தெளித்துப் பெருக்குவதும், சாணமிட்டு மெழுகுவதும் நம் பாட்டியர் அறிந்த நல்ல முறைகள். அவை தூசியைத் தரையோடு பிடித்து வைக்கின்றன. சிமெண்டுத் தரையும் ஓட்டுத்தரையும் உள்ள வீடுகளில் ஈரத்துணியால் துடைப்பதே முதன்மையாய் இருக்கட்டும். வாரியல் துணையாய் இருக்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும்: முதலில் விசிறி இறக்கைகள், பின்னர் அலமாரியும் சுருபங்களும் படச் சட்டங்களும், கடைசியில் தரை. விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி, உருவி எடுத்தால், தூசி உறைக்குள்ளேயே விழும். இறகுத் துடைப்பானால் தட்டுவது தூசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவதேயன்றி வேறன்று.

இவ்வேலை செய்பவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டால் போதாது; நுண்துகள் துணியின் இழைகளுக்கிடையே புகுந்துவிடும். 2020-இல் பெருந்தொற்று வந்தபொழுது நாம் யாவரும் அறிந்துகொண்ட என்-95 முகக்கவசம் இதற்குத் தக்கது. ஆஸ்துமா உள்ளவர், பெருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வெளியே இருப்பதே நலம்.

அடுக்களையில் எரிவது

2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் வீட்டு அடுப்புப் புகையினால் விளைந்த நோய்களால் இறந்தனர் என்றும், அவர்களுள் 2,37,000-க்கும் மேற்பட்டோர் 5 வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியோர்க்கு இதயநோய், பக்கவாதம், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, புற்றுநோய். நாம் மேலே கேட்ட கேள்விக்கு, இருமுகின்ற மூதாட்டியின் இருமல் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, இதுவே விடை. நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஊதுகுழலால் அடுப்பூதிக் குடும்பத்துக்குச் சோறிட்டவள், அப்புகையைத் தன் நெஞ்சிலே சேமித்து வைத்திருக்கிறாள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' என்னும் சுற்றுமடலில், உலகளாவிய மாசுகளைக் குறித்துப் பேசத் தொடங்கும் இடத்திலேயே, சமையலுக்கு எரிக்கும் விறகு முதலியவற்றின் புகையால் ஏழைகள் நோயுறுவதைக் குறிப்பிடுகிறார். உலகத் திருச்சபையின் தலைவர் நம் அடுக்களையைக் கண்ணோக்கியிருக்கிறார் என்பது சிறிய செய்தியன்று.

ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கும் உஜ்வலா திட்டம் 2016 மே மாதத்தில் தொடங்கப்பட்டது. ஆயினும் இணைப்பு இருந்தும், மறு சிலிண்டர் வாங்கப் பணமின்மையால் விறகுக்கே திரும்பும் வீடுகள் உண்டு. பணமிருந்தும், "விருந்தாளி வந்தால் கேஸ், நமக்கு விறகு" என்று சிக்கனம் பார்க்கும் வீடுகளும் உண்டு. பின்னவர்க்கு நாம் சொல்வது: சிலிண்டரில் மிச்சம் பிடிக்கும் பணம் மருத்துவரிடம் செல்லும். முன்னவர்க்கோ நாம் சொல்வதைவிடச் செய்ய வேண்டியது அதிகம். அதனைக் கடைசியில் கூறுவோம்.

விறகு எரித்தே தீரவேண்டிய வீட்டில், அடுப்பை வீட்டுக்கு வெளியே, மூன்று பக்கம் திறந்த சாய்ப்பில் வையுங்கள். நன்கு காய்ந்த விறகையே எரியுங்கள்; ஈர விறகு உணவைவிடப் புகையையே மிகுதியாய்ச் சமைக்கும். பிளாஸ்டிக் பையை அடுப்பு பற்றவைக்கப் பயன்படுத்தாதீர்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பண்டையில் நிற்காதீர்கள். எரிவாயு அடுப்பும் குற்றமற்றதன்று. அதன் நீலச் சுடரும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிடும். எண்ணெயில் பொரிக்கும் புகையும் நெஞ்சை எரிக்கும். ஆதலின் சமைக்கையில் சன்னல் திறந்திருக்கட்டும். இயன்றால் அடுப்புக்கு மேலே புகை வெளியேற்றும் விசிறி ஒன்று ஓடட்டும்.

நாமே மூட்டும் புகை

கொசுவத்திச் சுருளை எடுத்துக்கொள்வோம். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒரு சுருள் எரிந்து முடியும்பொழுது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்கு ஒப்பாகும் எனக் கண்டது. தன் மகன் ஒரு சிகரெட்டைத் தொட்டால் வீட்டையே கலக்கும் தந்தை, இரவுதோறும் அவன் தலைமாட்டில் சுருள் கொளுத்தி வைக்கிறார்! கொசுவலை இருக்கிறது, சன்னலுக்குக் கம்பிவலை இருக்கிறது, தேங்கும் நீரைக் கொட்டிவிடக் கை இருக்கிறது. வீட்டுக்குள் பீடி, சிகரெட்டு பிடிக்கும் குடும்பத் தலைவர்க்கு ஒன்றே சொல்வோம்: நீர் விடும் புகையை உம் பிள்ளையும் இழுக்கிறது.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆடி பிறந்தால் இரவெல்லாம் இழுப்பு. அவ்வீட்டில் மாலைதோறும் செபமாலை உண்டு. செபமாலையின்போது கங்கு நிறையச் சாம்பிராணியும் உண்டு. புகை ஆகாது என்று மருத்துவர் கூறியதால், மருமகள் தூபக்காலை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். வீட்டில் பெரும் பூசல். பாட்டி நம்மிடம் வந்தார். "சாமி, நாப்பது வருஷமா மாதாவுக்கு ஏத்துற தூபம், இன்னைக்கு அது விஷமாப் போச்சா?" என்று கண்கலங்கினார்.

அந்த அன்னையின் பக்தியை எள்ளி நகையாட எவருக்கும் உரிமை இல்லை. கோவிலில் தூபமிடுகிறோம், அங்கே கூரை உயரம், கதவுகள் விரிவு, நேரம் குறைவு. பத்தடிக்குப் பத்தடி அறையில், அடைத்த சன்னலுக்குள், இழுப்பு நோயுள்ள பிள்ளையருகில் அதே தூபம் வேறாகிவிடுகிறது. தூபம் செபத்தின் அடையாளம். செபமே தூபம்போல் எழ வேண்டும் என்றுதான் திருப்பாடலின் ஆசிரியரும் வேண்டினார். பிள்ளையின் மூச்சுக்காகத் தூபத்தை நிறுத்திவிட்டுச் செபித்தால், அச்செபம் குறைபட்டதாகாது; அன்பின் தியாகம் சேர்ந்ததால் அது மேலும் மணக்கும். "அம்மா, திருமகனை வளர்த்த தாய்க்கு, உங்கள் பேரனின் மூச்சைவிடத் தூபம் பெரிதா?" என்றே கேட்டோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். மறுவாரம் நோயாளிக்கு நற்கருணை கொண்டு அத்தெருவுக்குச் சென்றபொழுது, அவ்வீட்டுப் பீடத்தில் தூபக்கால் இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் நிறைய மல்லிகைப் பூ இருந்தது. மருமகளுக்கும் ஒன்று சொன்னோம்: எடுத்தது சரி, ஒளித்தது சரியன்று, மூத்தவரிடம் காரணம் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். சிறுவனின் நோய் மாயமாய் மறைந்துவிடவில்லை. மருந்து தொடர்கிறது. ஆனால் அவன் உறங்கும் இரவுகள் மிகுந்திருக்கின்றன என்று தாய் சொல்கிறாள்.

பச்சிளங் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டுகிறோம். மெல்லிய துண்டால் தலையை ஒற்றி உலர்த்தினால் போதும். பிரசவ அறையில் குளிருக்கென்று கங்குச் சட்டியை வைத்து, கதவை அடைத்து உறங்குவதோ உயிருக்கே ஆபத்து. கங்கிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது இரத்தத்தில் உயிர்க்காற்றைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்வதால், உறங்குபவர் விழிக்காமலே போகக்கூடும்.

படுக்கையும் சுவரும்

நம் உடலினின்று உதிரும் தோல்துகளை உண்டு, கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் தலையணையிலும் மெத்தையிலும் பெருகுகின்றன. அவற்றின் கழிவே பலர்க்கு ஆஸ்துமாவைத் தூண்டுகிறது. ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் அவற்றுக்குக் கொண்டாட்டம். தலையணை உறைகளையும் விரிப்புகளையும் வாரம் ஒருமுறை கைபொறுக்காத வெந்நீரில், அதாவது 60 பாகை அளவில், துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். நோயுள்ள பிள்ளைக்குப் பழைய பஞ்சு மெத்தையைவிடத் துடைத்து உதறத்தக்க கோரைப்பாய் நல்லது. பத்தமடையை அருகில் வைத்துக்கொண்டு நாம் பாயை மறக்கலாமா?

சுவரில் பூஞ்சணம் கண்டால், அதன்மேல் வெள்ளையடித்து மறைக்காதீர்கள். நீர் எங்கிருந்து கசிகிறது என்று கண்டு அதனை அடைத்த பின்னரே சுரண்டிப் பூசுங்கள். லேவியர் ஆகமத்தின் குருவும் பூசி மறைக்கச் சொல்லவில்லை, பெயர்த்தெறியச் சொன்னார். இஃது ஆன்மாவுக்கும் பொருந்தும் என்பதை நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தவர் அறிவர்.

விலைக்கு வாங்கும் காற்று

காற்றைத் தூய்மையாக்கும் இயந்திரங்கள் இப்பொழுது கடைகளில் விற்கின்றன. அவற்றுள் 'ஹெப்பா' என்னும் வடிகட்டி உடையவை, 0.3 மைக்ரான் துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடிக்கவல்லவை. ஆனால் அடைத்த ஓர் அறைக்குள், அவ்வறையின் அளவுக்கு ஏற்ற இயந்திரம் இருந்தாலன்றிப் பயனில்லை. வடிகட்டியைக் காலந்தோறும் மாற்றவும் வேண்டும். கடும் ஆஸ்துமா உள்ளவர் உறங்கும் அறைக்கு, வசதியுள்ளோர் வாங்கலாம். ஓசோனை உண்டாக்கும் இயந்திரத்தை வாங்காதீர்கள். ஓசோன் நுரையீரலுக்குத் தீங்கு. ஒரு கையில் இயந்திரமும் மறுகையில் கொசுவத்தியும் வைத்திருப்பதில் பொருளில்லை.

தொட்டிச் செடிகள் வீட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் என்று பலர் நம்புகின்றனர். அமெரிக்க நாசா நிறுவனம் 1989-இல் சிறிய அடைத்த பெட்டிகளில் நடத்திய சோதனையிலிருந்து பிறந்தது இந்நம்பிக்கை. 2019-இல் வெளிவந்த மறு ஆய்வொன்று, சன்னல் திறப்பதால் கிடைக்கும் பயனுக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டியிருக்கும் எனக் கணக்கிட்டது. அழகுக்காகச் செடி வளருங்கள். காற்றுக்காகச் சன்னலைத் திறவுங்கள்.

மறைக்க வேண்டாத மருந்து

இழுப்பு நோய்க்கு மருத்துவர் தரும் இன்ஹேலரைக் குறித்து நம் மக்களிடையே வீண் அச்சம் நிலவுகிறது. "பழகிவிடும்" என்கின்றனர், "பெண்பிள்ளைக்கு இது தெரிந்தால் சம்பந்தம் அமையாது" என்று மறைக்கின்றனர். இன்ஹேலர் மருந்து மைக்ரோகிராம் அளவில் நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்கிறது. ஆதலின் மாத்திரையைவிட மிகக் குறைந்த மருந்தே உடலில் சேர்கிறது. கண் மங்கியவர் கண்ணாடி அணிவதில் என்ன வெட்கமோ அவ்வளவே இதிலும். மருத்துவர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டைத் துடைப்பது மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

யார் துடைப்பது?

இதுகாறும் கூறியவற்றைப் படித்துவிட்டு, "இவ்வளவு வேலையா!" என்று மலைக்கும் மருமகள்களின் முகம் நம் கண்முன் தோன்றுகிறது. விடியலில் சன்னல் திறந்து, மும்முறை துடைத்து, திரை துவைத்து, வெந்நீர் காய்ச்சி, எல்லாம் அவள் ஒருத்தியே செய்ய வேண்டுமாயின், நாம் நலம் சொல்லவில்லை, சுமை ஏற்றினோம். காற்று எல்லார்க்கும் பொதுவாயின் துடைப்பமும் பொதுவாகட்டும். விசிறி இறக்கை துடைக்கக் கணவர்க்கு உயரம் இருக்கிறது. பாய் உதற மகனுக்குத் தோள் இருக்கிறது. தம் சீடரின் பாதத் தூசியைக் கழுவ ஆண்டவர் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்தார். ஈரத்துணியோடு குனிவது எந்த ஆண்மகனுக்கும் இழிவாகாது.

அவ்வாறே, ஒற்றை அறையில், விறகுப் புகைக்குள், நோயுற்ற குழந்தையோடு வாழும் குடும்பம் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அவர்களுக்கு இக்கட்டுரையைப் படித்துக் காட்டுவது உதவியாகாது. அன்பியக் கூட்டத்தில் இதனைப் பேசுங்கள். புனித வின்சென்ட் தே பவுல் சபையினர், அரிசியும் துணியும் கொடுப்பதோடு, பருவக்காற்று வீசும் மூன்று மாதங்களுக்கு மறு சிலிண்டருக்கான பணத்தையும், ஒரு கொசுவலையையும் கொடுக்க எண்ணிப் பார்ப்பார்களாக. ஓட்டுச் சந்தைப் பூச இளைஞர் சங்கத்தார் ஒரு ஞாயிறு மாலையைக் கொடுக்கலாம்.

இறைவன் மண்ணால் மனிதனை உருவாக்கி, அவன் மூக்கில் உயிர்மூச்சை ஊதினார் என்று ஆதியாகமம் கூறுகிறது. மண்ணும் மூச்சும் சேர்ந்ததே நாம். பெந்தகோஸ்தே நாளில் தூய ஆவியானவர் பெருங்காற்றின் ஓசையோடு வந்து நிரப்பியதும், சீடர்கள் அமர்ந்திருந்த ஒரு வீட்டையே. நம் தமிழில் ஆவி என்னும் சொல்லே மூச்சையும் குறிக்கும், உயிரையும் குறிக்கும், இறை ஆவியானவரையும் குறிக்கும். பிறருடைய மூச்சைக் காப்பது எவ்வளவு தூய பணி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இம்மாதம் மூன்றே மூன்று செய்யுங்கள்: விடியற்காலையில் சன்னலைத் திறவுங்கள், உலர்ந்த வாரியலுக்கு முன் ஈரத்துணியை எடுங்கள், வீட்டுக்குள் நீங்களே மூட்டும் புகைகளுள் ஒன்றையேனும் இன்றோடு அணைத்துவிடுங்கள். நம் இல்லங்களில் வாழும் சிறியோரும் முதியோரும் இவ்வாடிக் காற்றிலும் இனிதே மூச்சுவிட்டு உறங்க, பரமபிதா நம் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.